முருங்கைக்குப் பப்பாசி என்ன முறை? டி.என்.ஏ. வரிசையால் கூர்ப்பு மரம் வரைதல்

முருங்கை, பப்பாசி, கோவா, கடுகு நான்கும் பிரசிகேல்ஸ் என்ற ஒரே வருணம் (உறவான குடும்பங்களின் தொகுதி). யாழ்ப்பாணத்து வளவுகளிலும் சந்தையிலும் கிடைப்பவை என்பதால் பழகிப்பார்க்க ஏற்றவை. வெளிக்குழுவுக்கு, அதாவது மரத்தின் வேரைக் காட்டும் தூரத்து உறவுக்கு, செவ்வரத்தையை எடுங்கள், அது மால்வேல்ஸ் என்ற வேறு வருணம். கடுகைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: மரத்தில் அது கோவாவோடு ஒட்டி வராவிட்டால் எங்கோ பிழை.

இலையை உலர்த்த, இளந்தளிர் 1 கிராமுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 10 கிராம். ஒரு நாளில் இலை நொறுங்கவேண்டும். மாரியில் ஜெல் விரைவில் நிறம் மாறும், உடனே புதிது போடுங்கள். அதே தாவரத்தின் பூவோடு கூடிய கிளையொன்றை அழுத்தி உலர்த்தி, இடமும் திகதியும் எழுதி வையுங்கள்.

உலர்ந்த இலை 20 மில்லிகிராமை நன்றாக அரைத்து, 2% சிடிஏபி (கலங்களை உடைக்கும் சவர்க்காரப் பொருள்) கரைசலில் 65 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் வைத்து, குளோரோபோமால் கழுவி, ஐசோபுரொப்பனோலால் டி.என்.ஏ.யைப் படியவிடுங்கள். சிக்கல் தருவது செவ்வரத்தைதான். தலைக்கு வைத்து முழுகுவதற்கு உதவும் அதே வழுவழுப்பு டி.என்.ஏ.யோடு சேர்ந்து படிந்து, பிசிஆர் (டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் முறை) நொதியத்தைத் தடுக்கும். படிவு கூழாக இருந்தால் அதுதான். இலையைக் குறைக்கலாம், கரைசலில் உப்பைக் கூட்டலாம். ஆனால் முதலில் டி.என்.ஏ.யைப் பத்து மடங்கு ஐதாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

வாசிக்கவேண்டிய பரம்பரையலகு ஆர்பிசிஎல். 1993 இல் மார்க் சேஸ் குழுவினர் 499 வித்துத் தாவர வரிசைகளை ஒப்பிட்டது இதை வைத்துத்தான். ஐடிஎஸ் என்ற டி.என்.ஏ. பகுதி வேண்டாம்: விரைந்து மாறுவதால் குடும்பங்களுக்கிடையே நேர்நேர் வைத்து ஒப்பிட முடியாது, இலையிலுள்ள பங்கசையும் பெருக்கிவிடும். பிசிஆர் 55 பாகையில் இணைத்து 35 சுற்று. டி.என்.ஏ. போடாத குழாயிலும் டி.என்.ஏ. பட்டை தெரிந்தால் மாசு புகுந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டுங்கள்.

இரு திசையிலும் வாசித்து, தெளிவில்லாத தொடக்க 30–50 எழுத்துகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பிளாஸ்டில் (ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் இணையக் கருவி) தேடுங்கள். குழாய் மாறியது இங்கேதான் பிடிபடும். பிறகு மாஃப்ட் என்ற மென்பொருளில், ஒத்த இடங்கள் நேர்நேர் நிற்கும்படி வரிசைப்படுத்துங்கள். ஆர்பிசிஎல்லில் இடைவெளி அரிது. ஓரெழுத்து இடைவெளியோ நடுவில் நிறுத்தக் குறியோ (புரதம் அங்கே முடியுமென்ற குறி) வந்தால் வாசிப்புக் கருவியின் மூலப் படத்தைத் திறந்து பாருங்கள், அது வாசிப்புப் பிழை. ஒரு கிளை மட்டும் அளவுக்குமீறி நீண்டால், அந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டிருக்கக்கூடும்.

மரம் வரையும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீயில், எழுத்துகள் மாறும் விதத்துக்கான மாதிரியை அதுவே தேர்ந்தெடுக்கட்டும்; அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் (முடிச்சுகளின் உறுதியை அளக்கும் மறுசோதனை) 1000. 95க்குக் கீழான முடிச்சை (கிளை பிரியும் இடம்) நம்பவேண்டாம். வெளிக்குழுவைக் குறிப்பிடாவிட்டால், கோப்பில் முதலில் நிற்கும் தாவரத்திலிருந்தே மரத்தை வரைந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

முருங்கையும் பப்பாசியும் அடுத்தடுத்த உறவாக வரவேண்டும். அந்த முடிச்சு தளர்ந்திருந்தால் ஆர்பிசிஎல்லில் நீங்கள் வாசித்த ஏறத்தாழ 550 எழுத்துத் துண்டு போதவில்லை. முழு ஆர்பிசிஎல்லையும் மேட்கே என்ற இன்னொரு பரம்பரையலகையும் சேருங்கள். இரண்டுமே பச்சையவுருமணியிலுள்ளவை, பெரும்பாலான பூக்குந் தாவரங்களில் தாய்வழி மட்டுமே வருபவை. கலப்பினமென்று சந்தேகமிருந்தால் கலத்தின் கருவிலுள்ள பரம்பரையலகு ஒன்றையும் வாசித்தே ஆகவேண்டும்.