சிறு குடும்பக் கடையில் நறுமண எண்ணெய் வாங்குவது எப்படி: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

பினாங்குக்கு வந்துவிட்டு ஜாதிக்காய்த் தைலம் வாங்காமல் திரும்பிப் போகும் உறவினர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. ஆயர் ஈத்தாமிலோ பாலிக் புலாவிலோ வாங்கிய அந்தப் புட்டியைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோன பிறகு தொலைபேசியில் அழைத்து, "இதை அறையில் மணம் பரப்பும் கருவியில் ஊற்றலாமா?" என்று கேட்பார்கள். ஊற்றக் கூடாது. பெரும்பாலும் அது தாவர எண்ணெயிலோ கனிம எண்ணெயிலோ ஜாதிக்காயின் சாரத்தையும் கற்பூரம், மெந்தால் போன்றவற்றையும் சேர்த்துச் செய்த தேய்ப்புத் தைலம். உடல்வலிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் மேலே தேய்த்துக்கொள்வதற்காக நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் நல்ல பொருள்தான் அது. ஆனால் ஜாதிக்கொட்டையை நீராவியில் வடித்து எடுக்கும் தூய நறுமண எண்ணெய் வேறு. அதன் அடர்த்தியும் விலையும் பயன்படுத்தும் முறையும் வேறு. இரண்டையும் ஒரே கடையில், ஒரே அளவுப் புட்டியில், ஒரே பெயரில் விற்பதுண்டு என்பதால், குறைந்த விலையில் நல்ல எண்ணெய் வாங்க நினைப்பவர் முதலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நறுமண எண்ணெயின் ஆங்கிலப் பெயரான எசென்ஷியல் ஆயில் என்பதை "அத்தியாவசிய எண்ணெய்" என்று எழுதும் வழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. இது பிழை. அந்தச் சொல் இங்கே குறிப்பது இன்றியமையாமையை அன்று, சாரத்தை. மலாய்மொழியில் "மின்யாக் பாத்தி" என்கிறார்கள். பாத்தி என்றால் சாரம். கடையில் நின்று, "இது மின்யாக் பாத்தியா, மின்யாக் ஊருட்டா?" என்று கேட்டால், சாரமா தேய்ப்புத் தைலமா என்பது ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். கடைக்காரர் தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, இந்தக் கேள்வி எல்லாருக்கும் புரியும்.

சிறு குடும்ப நிறுவனத்தில் ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு எனக்குள்ள காரணம் இரக்கம் அன்று, கணக்கு. பல அடுக்கு விற்பனை முறையில் வரும் எண்ணெய்ப் புட்டியின் விலையில், அதை நம் கைக்குக் கொண்டுவந்த ஒவ்வோர் அடுக்கின் பங்கும் சேர்ந்திருக்கும். இறக்குமதியாளரிடமிருந்து கிலோக் கணக்கில் வாங்கி, கடையின் பின்கட்டில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சிறு புட்டிகளில் நிரப்பி விற்கும் குடும்பத்துக்கு அந்தச் சுமை இல்லை. அதைவிடப் பெரிய நன்மை ஒன்றுண்டு: எண்ணெயைத் தன் கையால் நிரப்பியவரிடமே நாம் கேள்வி கேட்க முடியும். இந்த இரண்டாவது நன்மையைப் பயன்படுத்தாதவருக்கு முதல் நன்மையும் உறுதியில்லை.

ஆனால் "எல்லாவற்றையும் நாங்களே வடிக்கிறோம்" என்று சொல்லும் கடையிடம் எச்சரிக்கையாக இருங்கள். பினாங்குத் தீவில் லாவெண்டர் விளைவதில்லை. டீ ட்ரீ ஆஸ்திரேலியாவுக்கு உரிய மரம். இந்த மண்ணுக்கு நன்கு பழகியவை செராய் எனப்படும் எலுமிச்சைப் புல், ஜாதிக்காய், கிராம்பு போன்றவை. மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே கொண்டுவந்து நட்டதும், 1860களில் நோய் தாக்கி ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்ததும் இந்தத் தீவின் வரலாறு. இன்று பாலிக் புலாவில் எஞ்சியிருக்கும் ஜாதிக்காய் மரங்களின் பழத்தைக் கொண்டு இனிப்பும் சாறும் தைலமும் செய்யும் குடும்பங்கள் அந்தத் தொழிலைத் தொடர்கின்றன. "ஜாதிக்காய் இங்கே கிடைத்தது, லாவெண்டர் வெளியிலிருந்து வாங்கியது" என்று பிரித்துச் சொல்லும் கடைக்காரரே நம்பத் தக்கவர்.

விலை நேர்மையானதா என்பதை அறிய, தாவரம் எவ்வளவு சாரம் தரும் என்பதைத் தெரிந்துகொள்வதே மிகச் சிறந்த வழி. உலர்ந்த கிராம்பு 6, 7 கிலோ இருந்தால் ஏறக்குறைய 1 கிலோ எண்ணெய் கிடைக்கும். எலுமிச்சைப் புல்லுக்கு அதே 1 கிலோவுக்கு 200 முதல் 300 கிலோ வரை பச்சைப் புல் வேண்டும். ஆனால் புல் மலிவு, வேகமாக வளரும். ரோஜாவுக்கோ 3 முதல் 5 டன் இதழ்கள் வேண்டும், அவற்றையும் கையால் பறிக்க வேண்டும். சந்தனமரம் வைரம் பாய்வதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மல்லிகை நீராவியின் வெப்பத்தைத் தாங்காது. அதன் சாரத்தைக் கரைப்பான் கொண்டுதான் எடுக்கிறார்கள், அதனால் அதுவும் விலை உயர்ந்தது. ஆகவே எலுமிச்சைப் புல், "செராய் வாங்கி" என்று மலாயில் சொல்லும் சிட்ரோனெல்லா, ஆரஞ்சு, யூக்கலிப்டஸ், கிராம்பு, காயு பூத்தே எனப்படும் கஜபுட் ஆகியவை நியாயமாகவே மலிவாகக் கிடைக்கும். ரோஜாவும் மல்லிகையும் சந்தனமும் கிடைக்கா.

ஒரு கடையில் ரோஜா, மல்லிகை, லாவெண்டர், ஆரஞ்சு எல்லாமே ஒரே விலையில், வரிசையாக 10 ரிங்கிட் என்று அடுக்கியிருந்தால், அவை செயற்கை மணம் கலந்த வாசனை எண்ணெய்கள் என்று உறுதியாகக் கொள்ளலாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்து மல்லிகை எண்ணெய் வாங்கி, தேங்காய் எண்ணெயில் கலந்து தலையில் தேய்த்துக்கொண்டேன். இரண்டு நாள் தலைவலியும் கழுத்தில் அரிப்பும்தான் மிஞ்சின. அன்றிலிருந்து விலைப் பட்டியலில் முதலில் ரோஜாவின் விலையைத்தான் பார்க்கிறேன். அது ஆரஞ்சின் விலையைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தால், அல்லது ரோஜா எண்ணெயே இல்லை என்று கடைக்காரர் சொன்னால், மற்ற எண்ணெய்களை நம்பிப் பார்க்க ஆரம்பிக்கலாம்.

அடுத்தது பெயர்ச்சீட்டு. அதில் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அறிவியல் பெயரை வீண் அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு மணத்தின் பெயரில் இன்னொன்றை விற்பது அங்கேதான் நடக்கிறது. லாவெண்டர் என்றால் லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா. அதைவிட மலிவான, கற்பூர நெடி கூடிய லாவண்டின் என்பது கலப்பினம். அறையில் மணம் பரப்ப லாவண்டின் போதும், ஆனால் லாவண்டினின் விலைக்குத்தான் அதை வாங்க வேண்டும். "மேற்கிந்தியச் சந்தனம்" என்று எழுதியிருந்தால் அது அமிரிஸ் என்னும் வேறு மரம். நம் சந்தனத்துக்கு அது உறவே இல்லை. கிராம்பிலும் மொட்டிலிருந்து எடுத்ததும் இலையிலிருந்து எடுத்ததும் வேறு. இலை எண்ணெய் மலிவு. நம் ஊரில் பலரும் குழம்புவது செராயில்: சமையலுக்குப் போடும் செராய் எலுமிச்சைப் புல், கொசுவை விரட்டப் பயன்படும் "செராய் வாங்கி" சிட்ரோனெல்லா. கொசுவுக்காக வாங்குபவர் எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வெட்டிவேர் ஒன்றில்தான் நமக்குக் குழப்பமில்லை, ஏனெனில் உலகம் முழுவதும் அந்த எண்ணெய்க்கு வழங்கும் பெயர் நம் தமிழ்ச் சொல்லே.

"தெரப்யூட்டிக் கிரேட்" என்ற முத்திரையைக் கண்டு கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அப்படி ஒரு தரத்தை எந்த அரசும் வரையறுக்கவில்லை; நிறுவனங்கள் தாங்களே சூட்டிக்கொள்ளும் பெயர் அது. அதற்குப் பதிலாக, ஜிசி-எம்எஸ் எனப்படும் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். எண்ணெயில் உள்ள வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விழுக்காட்டுடன் காட்டும் அறிக்கை அது. சிறு கடைகள் தாங்களே ஆய்வு செய்யாவிட்டாலும், தங்களுக்கு விற்றவர் கொடுத்த அறிக்கையின் நகலை வைத்திருக்கும். அதில் மூன்றைப் பார்த்தால் போதும்: அறிக்கையின் தொகுதி எண்ணும் புட்டியின் தொகுதி எண்ணும் ஒன்றா, தேதி அண்மையதா, முதன்மைப் பொருள் எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா. கிராம்பு எண்ணெயில் யூஜினால் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். டீ ட்ரீயில் டெர்பினென்-4-ஆல் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எலுமிச்சைப் புல்லில் சிட்ரால் பெரும்பங்காக இருக்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் நான் வழக்கமாக வாங்கும் கடையில், "அக்கா, இந்தப் புட்டி எந்தத் தொகுதி?" என்று கேட்டவுடன் அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து, வாங்கிய தேதியையும் நிரப்பிய தேதியையும் விரல் வைத்துக் காட்டினார். அறிக்கை அவரிடம் அன்று இல்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தக் கணக்குப் புத்தகத்துக்காகவே நான் அங்கே தொடர்ந்து வாங்குகிறேன்.

முதல் முறை வாங்கும்போது 5 அல்லது 10 மில்லிலிட்டர் புட்டி போதும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் இட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எலுமிச்சைப் புல், யூக்கலிப்டஸ், லாவெண்டர் போன்றவை எண்ணெய்க் கறை விடாமல் பறந்துவிட வேண்டும். பிசுபிசுப்பான வட்டம் நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. வெட்டிவேரும் சந்தனமும் இயல்பாகவே கனமானவை என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. ஒரு குவளை நீரில் சொட்டு விட்டால் தூய எண்ணெய் நீரோடு கலக்காமல் மிதக்கும் அல்லது மூழ்கும். கிராம்பு எண்ணெய் மூழ்கும். நீர் பால்போல் வெளுத்தால் கலப்படம் என்று ஐயுறலாம். இவை முரட்டுக் கலப்படத்தை மட்டுமே காட்டும். தேர்ந்த கலப்படத்தை ஆய்வக அறிக்கைதான் காட்டும்.

விலையை ஒப்பிடும்போது அஞ்சல் செலவையும் சேர்த்து, ஒரு மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக 10 மில்லிலிட்டர் 18 ரிங்கிட், 30 மில்லிலிட்டர் 39 ரிங்கிட், அஞ்சல் 8 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், சிறிய புட்டி மில்லிலிட்டருக்கு 2.60 ரிங்கிட்டும் பெரியது ஏறக்குறைய 1.57 ரிங்கிட்டும் ஆகும். ஆயினும் 1 மில்லிலிட்டர் ஏறக்குறைய 20 சொட்டு; நாளுக்கு 3 சொட்டு பயன்படுத்துபவருக்கு 10 மில்லிலிட்டரே இரண்டு மாதத்துக்கு மேல் வரும். எனவே அக்கம்பக்கத்தார் இருவர் மூவர் சேர்ந்து ஒரே முறையில் வரவழைத்து அஞ்சல் செலவைப் பகிர்ந்துகொள்வதே சிக்கனம். இவை எளிதில் தீப்பற்றும் திரவங்கள் என்பதால், சபா, சரவாக்கில் உள்ள உறவினருக்கு விமான அஞ்சலில் அனுப்ப விரும்பினால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் நீரிழிவையோ புற்றுநோயையோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்தால், எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்கிறது. மருந்தாக விற்கப்படும் தைலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் தேடுபக்கத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கூடுதலாக யோசியுங்கள். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாட்டைச் சோதிப்பார்கள். அந்தக் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கற்பூரமோ மெந்தாலோ உள்ள தைலத்தைத் தேய்க்கக் கூடாது. கற்பூரமும் யூக்கலிப்டஸும் உள்ளே போனால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரக்கூடும். புட்டியை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999ஐ அழையுங்கள். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெயைப் பூனையின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பெரியவர்களும் நறுமண எண்ணெய் எதையும் நேரடியாகத் தோலில் இடக் கூடாது. 30 மில்லிலிட்டர் தேங்காய் அல்லது நல்லெண்ணெயில் 12 சொட்டு, முகத்துக்கென்றால் 6 சொட்டு போதும்.

ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் முதலில் கடைக்காரரிடமே பேசுங்கள். குடும்பக் கடைகள் பெரும்பாலும் பெயருக்கு அஞ்சுபவை, மாற்றிக் கொடுத்துவிடும். மறுத்தால், பற்றுச்சீட்டுடன் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் பதிவு செய்யலாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். பற்றுச்சீட்டு கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. சிறு கடையிலும் அதைக் கேட்பதில் தவறில்லை.

வாங்கிய எண்ணெயைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே, மூடியை இறுக்கி, வெயிலும் அடுப்பும் இல்லாத அலமாரியில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் விடாதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் காற்றுப் பட்டுக் கெட்டால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்து ஓராண்டுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. புட்டியைத் திறந்த அன்றே தேதியைச் சிறு துண்டுத் தாளில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எந்த எண்ணெய் எத்தனை மாதம் வந்தது, எந்த அளவுப் புட்டி வாங்கலாம் என்பதை அந்தத் துண்டுத் தாளே சொல்லிவிடும்.