நபிமார்களின் உருவப்படம்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கார்ட்டூன் பிரச்சினையானால் போதும், "நபியின் படத்தை வரையக் கூடாது என்று குர்ஆன் சொல்கிறது" என்ற வரி இங்கே பத்துக் கட்டுரைகளில் வந்துவிடும். முதல் தவறு அதுதான். குர்ஆன் கண்டிப்பது சிலை வணக்கத்தை. படம் வரைவதைத் தடுக்கும் தனி வசனம் அதில் இல்லை. தடைக்கான ஆதாரமாக ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) காட்டுவது ஹதீஸ்களை, அதாவது நபியின் சொல், செயல் பற்றிய பதிவுகளை. உருவம் வரைந்தவரிடம் 'நீ படைத்ததற்கு உயிர் கொடு' என்று மறுமையில் சொல்லப்படும், உருவப்படம் உள்ள வீட்டுக்குள் வானவர்கள் வரமாட்டார்கள் என்ற செய்திகள் புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கின்றன. இவை நபியின் படத்தை மட்டும் பற்றியவை அல்ல, உயிருள்ள எதன் உருவத்தையும் பற்றியவை. நபி என்று வரும்போது இன்னொரு அச்சமும் சேர்ந்துகொள்கிறது: இன்று மரியாதைக்கு மாட்டிய படம் நாளை வணக்கத்துக்கு உரியதாகிவிட்டால்?

சரி, அப்படியானால் முஸ்லிம்கள் யாருமே எக்காலத்திலும் வரைந்ததில்லையா? வரைந்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மங்கோலிய வம்சம் ஈரானை ஆண்டபோது, அமைச்சர் ரஷீதுத்தீன் தப்ரீஸ் நகரில் ஓர் உலக வரலாற்று நூலை எழுதுவித்தார். அதன் ஓவியங்களில் நபிகள் நாயகத்தின் முகம் திரையில்லாமலே இருக்கிறது. அதன் ஒரு பகுதி இன்று எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 15ஆம் நூற்றாண்டில் ஹெராத்தில் உருவான மிஃராஜ் (நபியின் விண்ணேற்றப் பயணம்) ஓவியச் சுவடியிலும் முகம் தெரிகிறது. அப்புறம் வழக்கம் மாறுகிறது. துருக்கி சுல்தான் மூன்றாம் முராத் கேட்டுக்கொண்டபடி தொடங்கி 1595 வாக்கில் முடிந்த நபி வரலாற்று ஓவியங்களில் முகத்தை வெண்திரை மறைக்கிறது, தலையைச் சுற்றித் தீச்சுடர் ஒளிவட்டம். பழைய சுவடிகள் சிலவற்றில் பின்னாளில் யாரோ முகத்தைச் சுரண்டி அழித்த தடமும் உண்டு. இவை எல்லாம் அரசவையிலும் செல்வர் வீட்டிலும் சிலர் மட்டும் புரட்டிப் பார்த்த நூல்கள். பள்ளிவாசல் சுவரில் மாட்டியவை அல்ல.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் அடுத்த தவறுதான் எனக்கு அதிக எரிச்சலூட்டுவது. "உங்கள் முன்னோர்களே வரைந்தார்கள், இப்போது ஏன் கோபம்?" என்று பழைய ஓவியத்தைத் துருப்புச்சீட்டாக வீசுவது. இன்றைய சுன்னி முஸ்லிம்களில் பெரும்பாலோர் அந்தச் சுவடிகளைப் பார்த்ததே இல்லை. அவர்கள் வளர்ந்த வழக்கத்தில் நபிக்குப் படம் இல்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தையும் ஒரே கூட்டமாக நினைக்க வேண்டாம். 2022இல் அமெரிக்காவின் ஹாம்லின் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்று ஆசிரியர் ஒருவர், முன்கூட்டியே எச்சரித்துவிட்டு இந்த தப்ரீஸ் ஓவியத்தைக் காட்டினார். ஒரு மாணவி புகார் செய்ய, ஆசிரியருக்கு அடுத்த பருவத்தில் வேலை தரப்படவில்லை. புகாரை ஆதரித்த முஸ்லிம்களும் இருந்தார்கள், ஆசிரியருக்காகப் பேசிய முஸ்லிம் அமைப்புகளும் இருந்தன.

"சுன்னிகளிடம் தடை, ஷியாக்களிடம் இல்லை" என்று முடித்துவிடுவதும் அரைகுறைதான். ஷியாக்கள் பெரும்பான்மையான ஈரானில், நபியின் மருமகன் அலி, பேரன் ஹுசைன் படங்கள் சாதாரணம். யூசுப் நபியின் கதையை ஈரான் தொலைக்காட்சி நடிகரை வைத்தே தொடராக எடுத்தது. ஆனால் அதே நாட்டின் இயக்குநர் மஜீத் மஜீதி 2015இல் நபிகள் நாயகத்தின் இளமைப் பருவத்தைப் படமாக்கியபோது முகத்தைக் காட்டவில்லை. அப்படியும் எதிர்ப்பு வந்தது. மும்பையின் ரஸா அகாடமி என்ற சுன்னி அமைப்பு, இயக்குநரோடு சேர்த்து இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மானுக்கும் எதிராக ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வெளியிட்டது. படத்தை இயக்கியதோ தயாரித்ததோ தான் அல்ல, இசை மட்டுமே தன்னுடையது என்று ரஹ்மான் விளக்கம் தர வேண்டியிருந்தது.

பலருக்கு நினைவுக்கே வராத ஒன்று: இது முஹம்மது நபியோடு நிற்பதில்லை. நூஹ் (நோவா), இப்ராஹீம் (ஆபிரகாம்), மூஸா (மோசே), ஈஸா (இயேசு) எல்லோரும் முஸ்லிம்களுக்கு நபிமார்களே. நூஹ் நபியைப் பற்றிய ஹாலிவுட் படம் 2014இல் கத்தார், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் திரைக்கு வராமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆக, பள்ளி மலருக்கு 'எல்லா மதப் பெரியோர்கள்' படம் போடும்போது முஹம்மது நபிக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். நபித்தோழர்கள் விஷயத்திலும் கருத்து ஒன்றல்ல. கலீஃபா உமரை முகத்தோடு காட்டிய 2012ஆம் ஆண்டு அரபுத் தொடரை எகிப்தின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிறுவனம் எதிர்த்தது, வேறு அறிஞர்கள் சிலர் அதற்கு ஆலோசகர்களாகவே இருந்தார்கள்.

வரைவதும் இழிவுபடுத்துவதும் இரண்டு வேறு விவகாரங்கள். 2005இல் டென்மார்க் நாளிதழில் வந்த 12 கார்ட்டூன்களில் ஒன்று தலைப்பாகையை வெடிகுண்டாகக் காட்டியது. அதற்கு எழுந்த கோபத்தை 'படம் வரைந்ததற்கான கோபம்' என்று மட்டும் எழுதினால், நபியைப் பயங்கரவாதியாகக் காட்டியது கணக்கில் வராமலே போய்விடும்.

இணையத்தில் 'நபியின் உண்மையான இளவயதுப் படம்' என்று ஒன்று சுற்றும், பகிராதீர்கள். ஈரானில் சுவரொட்டியாக விற்ற அந்த உருவத்தின் மூலம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேனர்ட் என்ற ஐரோப்பியப் புகைப்படக்காரர் துனிசியாவில் எடுத்த ஒரு சிறுவனின் படம். கட்டுரைக்குப் படம் வேண்டுமென்றால் மதீனாவில் நபியின் அடக்கத்தலத்தின் மேலுள்ள பச்சைக் குவிமாடம் இருக்கிறது. நபியின் தோற்றத்தை எழுத்தால் மட்டுமே வர்ணிக்கும் துருக்கியின் ஹில்யா எழுத்தணிப் பலகைகளும் இருக்கின்றன.