‘ஃபேன்சி’ என்றால் ஆடம்பரம் மட்டுமா?

வளையலும் ரிப்பனும் ஸ்டிக்கர் பொட்டும் விற்கும் ஃபேன்சி ஸ்டோர் வழியாக நமக்குப் பழகிய ‘ஃபேன்சி’ என்ற ஆங்கிலச் சொல், பிறப்பால் கற்பனையைக் குறிப்பதாகும். ‘தோன்றச் செய்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து ‘ஃபாண்டசியா’ பிறந்து, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ஃபேண்டசி’ ஆனது. அதன் சுருக்க வடிவமே 15ஆம் நூற்றாண்டில் ‘ஃபேன்சி’ என வழங்கலாயிற்று. மனத்தில் தோன்றியது என்ற பொருள், மனம் விரும்பியது என்றும், பின்னர் அலங்காரமானது என்றும் நகர்ந்தது. நம் கடைப்பெயரில் நிற்பது இந்தக் கடைசிப் பொருள்தான்.

ஆகவே, படிக்கும்போது சொல் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் பெரும்பாலும் அலங்காரம் அல்லது ஆடம்பரம். வினையாக வந்தால் விருப்பம். ‘டூ யூ ஃபேன்சி எ கப் ஆஃப் டீ?’ என்று பிரிட்டனில் ஒருவர் கேட்டால், ‘டீ குடிக்கிறீர்களா?’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதே வினையை ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால் காதல் ஈர்ப்பைக் குறிக்கும் என்பதால், அலுவலக நண்பரைப் பாராட்டுவதாக எண்ணி அதைப் பயன்படுத்திவிடாதீர்கள். ‘ஃபேன்சி தட்!’ என்பது வியப்பு. ‘ஃபேன்சி டிரஸ்’ என்பது பகட்டான உடையன்று, மாறுவேடம்.

பழைய இலக்கியத் திறனாய்வில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் வெளியிட்ட நூலில், நினைவில் உள்ளவற்றை எடுத்து அடுக்கும் ஆற்றலை ‘ஃபேன்சி’ என்றும், புதிதாகப் படைக்கும் உயர்ந்த ஆற்றலை ‘இமாஜினேஷன்’ என்றும் பிரித்தார். இரண்டையும் ‘கற்பனை’ என்றே மொழிபெயர்த்தால் அவருடைய வாதமே காணாமல் போய்விடும்.