சீனத்திலும் ‘நீ’, கொரியனிலும் ‘நீ’: உறவு கொண்டாடும் முன்

“சீனர்களும் நம்மைப் போல ‘நீ’ என்றுதான் சொல்கிறார்கள், கொரியர்களும் அப்படியே” என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றாத மாதம் இல்லை. சில பட்டியல்களில் ஸ்வீடிஷ்கூட உண்டு. ஒலி உண்மைதான். அதிலிருந்து ‘இந்த மொழிகளெல்லாம் தமிழுக்குச் சொந்தம்’ என்று எடுக்கும் முடிவுதான் தவறு.

முதல் தவறு, இன்றைய உருவத்தை மட்டும் பார்ப்பது. ஸ்வீடிஷில் ‘நீ’ என்றால் நீங்கள். பழைய ஸ்வீடிஷில் அது வெறும் ‘ஈ’. பன்மை வினைகள் ‘ன்’ ஒலியில் முடிந்தன. ‘ஹாவென் ஈ’ (வைத்திருக்கிறீர்களா) என்று வேகமாகக் கேட்டுக் கேட்டு, வினையின் கடைசி ‘ன்’ அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டது. அந்த ‘ன்’ இல்லாவிட்டால் நம்முடைய ‘நீ’யோடு ஒப்பிட அங்கே என்ன இருக்கிறது?

கொரியன் கதை இன்னும் சுவாரசியம். அங்கே ‘நீ’க்கு அடிப்படைச் சொல் ‘நோ’. ‘உன்’ என்பது ‘நெ’. ‘என்’ என்பதும் கிட்டத்தட்ட ‘நெ’தான். சியோல் பேச்சில் இரண்டு உயிரொலிகளும் ஒன்றாகிவிட, குழப்பம் தவிர்க்க ‘உன்’னை ‘நி’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். கே-டிராமாவில் காதில் விழுவது அதுதான். அதே பட்டியலில் வரும் கொரிய ‘நன்’ (நான்) உண்மையில் ‘ந’ என்ற சொல்லோடு ஓர் இடைச்சொல் ஒட்டிய சுருக்கம். நம் ‘நான்’ பக்கமும் சிக்கல்தான்: சங்கப் பாடல்களில் பெரும்பாலும் ‘யான்’. இரண்டு பக்கமும் ஒட்டுப்போட்டுத்தான் இந்த ஒற்றுமை.

சீனம்? கன்பூசியஸ் காலத்தில் வழங்கி, இன்று மாண்டரினில் (சீனாவின் பொதுமொழி) ‘அர்’ என்று ஒலிக்கும் பழைய முன்னிலைச் சொல்லின் பேச்சு வடிவம்தான் இன்றைய ‘நீ’. தென்சீனாவின் காண்டனீஸில் அது ‘நேய்’. தொனியும் முக்கியம்: குரல் தாழ்ந்து எழுந்தால்தான் முன்னிலை, நேராக ஏறினால் ‘சேறு’ என்று பொருள். அப்புறம், நம் ‘நீ’யின் மரியாதைக் கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் ‘நீ ஹாவ்’ சொல்வது சீனத்தில் இயல்பு. கூடுதல் மரியாதைக்கு ‘நின்’ உண்டு.

இரண்டாவது தவறு, பட்டியல் போடுபவர்கள் பொருந்தாததைச் சொல்வதே இல்லை. இதே ‘நி’ ஐரோப்பாவின் பாஸ்க் மொழியிலும் ஆப்பிரிக்காவின் ஹௌஸா மொழியிலும் ‘நான்’, வெல்ஷில் ‘நாம்’, சுவாஹிலியில் ‘ஆகும்’. இவ்வளவு குட்டிச் சொல் எங்கேயாவது பொருந்தத்தான் செய்யும்.

சரி, உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? தனிச் சொல்லை விட்டுவிட்டு அதன் குடும்பத்தைப் பாருங்கள். தமிழில் ப-வில் தொடங்கும் பால், பல், புலி கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. ஒலி வேறாகியும், மாறிய விதம் ஒரே சீராக இருக்கிறது. பலுச்சிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகுயியில் ஒருமைக்கு ‘நீ’, பன்மைக்கு ‘நும்’. பழந்தமிழின் ‘நும்’ (உங்கள்) நினைவுக்கு வருகிறதா? பட்டியலில் யாரும் சேர்க்காத இந்த மொழிதான் நமக்கு உண்மையான சொந்தம்.