கான்டெஸ்ஸாவின் 1.8 என்ஜினில் கூடுதல் குதிரைகளைப் பூட்டுவது

முதலில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். கார்புரேட்டரும் கேம்ஷாஃப்டும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் மைக்ரோமீட்டரோடு காலம் தள்ளியவன் நான். அளந்து பார்க்காத எதையும் நம்பாத புத்தி அங்கேயே ஒட்டிக்கொண்டது. வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை.

என்னிடம் இருப்பது 1993 மாடல் கான்டெஸ்ஸா கிளாசிக். மர்ஃபி டவுனில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிறது. அமெரிக்காவில் மசில் கார் (சாதாரண உடலில் பெரிய என்ஜின் வைத்த கார்) என்றால் 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ.வைச் சொல்வார்கள், 6.4 லிட்டர் வி8 என்ஜின், 325 குதிரைத்திறன். நமக்கு வாய்த்தது வாக்ஸால் விக்டரின் உடலை வாங்கி இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்த கான்டெஸ்ஸா. 1984இல் வந்தபோது அந்த நீண்ட மூக்குக்குள் அம்பாசிடரின் 1.5 லிட்டர் என்ஜின்தான் இருந்தது. ஏறக்குறைய 50 குதிரை. யானைக்குப் பூனைக் குரல். பிறகு வந்த இசுசு 1.8 என்ஜின்தான் வண்டிக்கு மானம் காத்தது. 1817 சி.சி., கையேட்டுக் கணக்கில் 88 குதிரை. இதே என்ஜின் அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட்.டிலும் வந்ததால், ஜே.சி. ரோட்டில் பொறுமையாகக் கேட்டால் இன்றைக்கும் சில சாமான்கள் கிடைக்கின்றன.

வேறு பெரிய என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால் என்ன என்று வாரம் ஒருவர் கேட்கிறார். ஆர்.சி.யில் என்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. என்ஜினை மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ.வின் அனுமதி வேண்டும். பிளாக் அப்படியே இருக்கட்டும். நாம் அதன் மூச்சைச் சரிசெய்வோம்.

எந்தச் சுழற்சியில் வேண்டும்?

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதுங்கள். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 9549ஆல் வகுத்தால் கிலோவாட். 5,600 சுழற்சியில் 150 நியூட்டன் மீட்டர் நின்றால் 88 கிலோவாட். அதாவது 118 குதிரை. அதே 150ஐ 7,500 சுழற்சிக்குக் கொண்டுபோனால் காகிதத்தில் 158 குதிரை வரும். ஆனால் அந்த என்ஜின் 3,000 சுழற்சிக்குக் கீழே இருமிக்கொண்டே இருக்கும். சில்க் போர்டு சந்திப்பில் நாற்பது நிமிடம் முதல் கியரில் ஊர்ந்து பார்த்தவருக்கு அந்த 158 எதற்கு? என் இலக்கு 2,500 முதல் 5,600 வரை சலிக்காமல் இழுக்கும் என்ஜின். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தவை.

பிளாக்

கழற்றியதும் ஒவ்வொரு சிலிண்டரையும் மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளந்து எழுதுங்கள். என் பிளாக்கில் 84 மி.மீ. என்று இருக்க வேண்டிய போர் (சிலிண்டரின் விட்டம்), மூன்றாவது சிலிண்டரின் மேல்பகுதியில் 0.21 கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர் பெரிதான பிஸ்டனுக்குப் போனேன். போர் 85, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 82. மொத்தம் 1861 சி.சி. கொள்ளளவில் கிடைப்பது அற்பம்தான், ஆனால் சுவர் புதிதாகிறது.

பிஸ்டன் கைக்கு வராமல் பிளாக்கை போரிங்குக்குக் கொடுக்காதீர்கள். நான்கு பிஸ்டனையும் அளந்து, அவற்றைச் செய்தவர் சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நான் முதலில் போன பட்டறையில் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையைக் கண்ணளவில் முடித்துவிட்டார்கள். சிலிண்டரின் அடி, மேலைவிட 0.05 குறுகலாக இருந்தது. "ஓடினால் சரியாகிவிடும் சார்" என்று சொன்னார்கள். ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வில்சன் கார்டனில் வேறொரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, ஹோனிங் முடிகிற வரைக்கும் நீங்கள் பக்கத்திலேயே நின்று அளந்துகொள்ளுங்கள்" என்றார். கோயிலில் நிற்பதுபோல் நின்றேன்.

பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். சாலையில் ஓடும் என்ஜினுக்கு மேல் ரிங்கில், போரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். 85க்கு 0.34 வருகிறது. குறைவாக இருந்தால் அரத்தால் ஒரு பக்கம் மட்டும் தேயுங்கள். கூடுதலாக விட்டால் சிறிது அழுத்தம் கசியும். குறைவாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் எடை சமமாக்க மைத்துனரின் துணையோடு நகரத்பேட்டையில் ஒரு பொற்கொல்லரின் தராசுக்குப் போனேன். மிகக் கனமான பிஸ்டனுக்கும் லேசானதற்கும் ஏழு கிராம் வித்தியாசம். உள்பக்கம் தேய்த்து ஒரு கிராமுக்குள் கொண்டுவந்தேன். பொற்கொல்லர் சிரிக்கவில்லை; அவருக்குப் புரிகிறது.

ஹெட்: பாதி வேலை இங்கேதான்

இசுசு ஹெட் (சிலிண்டர்களை மூடும், வால்வுகள் உள்ள மேற்பகுதி) அலுமினியம், வார்ப்பிரும்புப் பிளாக்கின் மேல் உட்காருவது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே, செயின் ஓட்டத்தில். காற்று போகும் வழியான போர்ட்டை அகலப்படுத்தினால் காற்று கூடும் என்று டிரில்லை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பாதிப் பேர் ஹெட்டைக் கெடுக்கிறார்கள். அகன்ற போர்ட்டில் காற்றின் வேகம் குறைகிறது, கீழ்ச்சுழற்சி செத்துப்போகிறது. பலன் இருக்கும் இடம் வால்வு சீட்டுக்கு அடியில் இருக்கும் குழிவு. சீட் வளையத்துக்கும் வார்ப்புக்கும் நடுவே ஒரு படிக்கட்டு நிற்கும். அதை மட்டும் வழவழவென்று இணையுங்கள். போர்ட்டின் தரைப்பக்க வளைவைக் கூர்மையாக்காதீர்கள். சீட்டை 30, 45, 60 பாகை என்று மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் சீட்டுகளை ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடின உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள்; 2000க்குப் பிறகு நம் பங்குகளில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை.

அடுத்தது, ஹெட்டில் கலவை எரியும் அறையின் கொள்ளளவு. ஆறு மி.மீ. பெர்ஸ்பெக்ஸ் பலகையில் ஒரு சிறு துளை, விளிம்பில் கிரீஸ், பள்ளி ஆய்வகத்துப் பியூரெட், அதில் நிறம் கலந்த மண்ணெண்ணெய். வால்வுகளை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்துப் பலகையை ஒட்டி, சொட்டுச் சொட்டாக நிரப்புங்கள். என் நான்கு அறைகள் 48.2 முதல் 49 வரை இருந்தன. எல்லாவற்றையும் 49க்குக் கொண்டுவந்தேன்.

ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளும் அளவு 465.3 சி.சி. அழுத்த விகிதம் (பிஸ்டன் அடியில் நிற்கும்போதுள்ள கொள்ளளவு, மேலே நிற்கும்போதுள்ளதைப்போல் எத்தனை மடங்கு என்பது) 9.8 வேண்டுமானால், இதை 8.8ஆல் வகுக்க வேண்டும், 52.9 சி.சி. வருகிறது. அதிலே கேஸ்கெட் 7 சி.சி. எடுத்துக்கொள்கிறது. பிஸ்டன் மேல் எல்லையில் பிளாக் முகத்துக்கு 0.3 மி.மீ. கீழே நிற்பதால் அங்கே 1.7 போகிறது. மிச்சம் 44.2. ஆக 4.8 சி.சி. குறைக்க ஹெட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சீவ வேண்டியிருந்தது.

சீவினால் இன்னொன்று நடக்கிறது. பல மெக்கானிக்குகள் இதைச் சொல்வதில்லை. ஹெட் கீழே இறங்கும்போது கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குக்கு அருகே வருகிறது. செயின் தளர்ந்து, டென்ஷனர் அந்தத் தளர்வை இழுத்துக்கொள்ள, கேம் சிறிது பின்தங்கிவிடுகிறது. பற்சக்கரக் குறி பொருந்தியிருக்கும், டைமிங் பொருந்தியிருக்காது. பாகை வட்டும் டயல் கேஜும் வைத்துப் பார்த்து, பற்சக்கரத்தின் துளையை நகர்த்திச் சரிசெய்தேன். அப்படியே பிஸ்டன் தலையில் களிமண் உருண்டை வைத்து கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இன்டேக் வால்வுக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இடம் இருக்க வேண்டும்.

கேம், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட்

பழைய கேமையே திருப்பிச் சாணை பிடித்து வாங்கினேன். 1.27 மி.மீ. தூக்கலில் அளக்கும்போது, வால்வு திறந்திருக்கும் அளவு 216 பாகை. நண்பர்கள் 240 என்றார்கள். ஐட்லிங்கில் வண்டி குலுங்குவதைக் கேட்கத்தான் அவர்களுக்கு ஆசை.

கார்புரேட்டருக்கு வெபர் 32/36. இரண்டு வாயில் ஒன்று முன்னே திறக்கும், மற்றது மிதித்தால் மட்டும் திறக்கும், நகரத்துக்கு ஏற்றது. அடிப்பலகையை 12 மி.மீ. அலுமினியத்தில் கடைந்துகொண்டேன். பக்கவாட்டில் இரட்டை கார்புரேட்டர் வைத்தால் பானெட்டைத் திறந்து காட்ட அழகாக இருக்கும். அதற்கு ஆகும் செலவில் ஹெட் வேலை இரண்டு முறை செய்யலாம்.

எக்ஸாஸ்ட்டில் நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் அமைப்பைக் கேளுங்கள். பற்றும் வரிசை 1-3-4-2 என்பதால், ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடி சேர்க்க வேண்டும். வெல்டர் தன் வசதிக்குப் பக்கத்துக் குழாய்களை இணைத்துவிடுவார், பக்கத்தில் இருங்கள்.

நான் உடைத்த பிஸ்டன்

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்றழுத்தம் இங்கே பத்து விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எந்த என்ஜினும் சென்னையில் தருவதைவிட இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் தரும். அதை நான் அறிந்தே இருந்தேன். அறிந்தும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை இங்கத்துக் காற்றுக்கே கச்சிதமாக வைத்தேன், 135. பற்றவைப்பு டைமிங்கின் முழு முன்னேற்றம் 34 பாகை. ஓசூர் சாலையில் வண்டி பாடியது.

தம்பி மகள் கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பினோம். கிருஷ்ணகிரிக்குள் இறங்கும்போதே காற்று அடர்த்தி கூடுகிறது. கார்புரேட்டர் தரும் கலவை மெலிகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. வேலூர் புறவழிச்சாலையில் ஒரு லாரியைத் தாண்ட முழுவதும் மிதித்தேன். தகர டப்பாவில் ஆணி குலுக்கியதுபோல் சத்தம்; கலவை நேரம் தப்பி வெடிக்கிறது. பின்சீட்டில் அத்தை, "என்னப்பா, ஏதாவது உருளுகிறதா?" என்றார். இரண்டாவது பிஸ்டனின் ரிங் இடைச்சுவர் உடைந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம்.

திரும்பி வந்து மூன்று மாற்றங்கள் செய்தேன். புதிய பிஸ்டன்களின் தலையில் ஓரத்தைத் தொடாமல் 3.8 சி.சி. குழி கடைந்தோம், விகிதம் 9.2க்கு இறங்கியது. முழு முன்னேற்றம் 31 பாகை. மெயின் ஜெட் 140, அதாவது கடல்மட்டத்துக்கு உரியது. இங்கே கலவை சிறிது செறிவாகவே இருக்கிறது, சில துளிப் பெட்ரோல் வீண். பிஸ்டன் விலையோடு ஒப்பிட்டால் இலவசம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு 145க்குப் போனேன், ஏனென்றால் எத்தனாலுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது அவற்றைத் தின்றுவிடும். எக்ஸாஸ்ட் குழாயில் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் ஒன்று பொருத்தி, முழு மிதியில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் 12.5 முதல் 13 வரை நிற்கிறதா என்று கீழே சமவெளியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெங்களூரில் பார்த்தது கணக்கில் சேராது.

குளிர்ச்சி பற்றிச் சுருக்கமாக: ரேடியேட்டரில் மூன்று வரிசை செம்புக் கோர், தெர்மோஸ்டாட்டிக் சுவிட்சுடன் மின்விசிறி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். அது இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் குளிர்ந்து தேயும். பிரேக்கைப் பார்க்காமல் இதில் எதையும் தொடங்கவே வேண்டாம்.

முதல் உயிர்ப்பு

ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் அழுத்தம் ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகே பற்றவையுங்கள். பற்றியதும் ஐட்லிங்குக்கு விடாமல் 2,000க்கும் 2,500க்கும் இடையே இருபது நிமிடம். புதிதாகச் சாணை பிடித்த கேம் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய் போதாமல் முதல் நாளே தேய்ந்துவிடும். துத்தநாகம் கூடுதலான 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றுங்கள். புதுக்கார்களுக்கு வரும் மெல்லிய எண்ணெய் இதற்கு ஆகாது.

சக்கரத்தில் சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தில், பிரிப்பதற்கு முன் 66 குதிரை காட்டியது, முடிந்தபின் 91. உயரத்துக்குத் திருத்திய எண்ணை மட்டும் தந்தால் வாங்காதீர்கள், திருத்தாததையும் கேளுங்கள். நான் இங்கே சொன்னவை இரண்டுமே திருத்தாதவை. வி8காரர்கள் சிரிக்கலாம். 1972இல் அமெரிக்கர்களே அளவுமுறையை மாற்றியபோது அவர்களுடைய விளம்பர எண்களும் ஒரே ஆண்டில் சரிந்தன.

500 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து, வடிகட்டியை இரும்பு ரம்பத்தால் அறுத்து, காகித மடிப்பை விரித்து வெயிலில் பார்த்தேன். மாவுபோல் கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி, அது ரிங் படிந்ததன் அடையாளம். செதில் எதுவும் இல்லை. செதில் இருந்தால் எந்த நிறம் என்று பாருங்கள். செம்பு நிறமானால் பேரிங், வெள்ளியாய் மின்னினால் பிஸ்டன். மடிப்பை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.