கிராஃபிக்ஸ் அட்டைக்குப் பெயர் வைக்கும் முன்

பினாங்கு பாயான் லெப்பாசில் சிப் வேலை பார்த்துக்கொண்டே திறந்த வன்பொருளாக (வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவைத்து) கிராஃபிக்ஸ் அட்டை செய்ய நினைப்பவர்களே, பெயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வரைபடத்தை எவரும் நகலெடுக்கலாம். அப்படிப் பகிர்வதற்கென்று செர்ன் ஆய்வகம் எழுதிய திறந்த வன்பொருள் உரிமம்கூட வணிகச் சின்னத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. உங்களுக்கென்று மிஞ்சுவது பெயர்தான்.

‘ஓப்பன் கிராஃபிக்ஸ்’ போலப் பொருளையே விவரிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் இணையத் தேடலில், கணினி வன்பொருள் அடங்கும் 9ஆம் வகுப்பைத் திறந்து, ஒலிப்பில் நெருங்கி வரும் பெயர்களையும் பாருங்கள். அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளின் கோப்பிலும் அதே பெயர்தான் ஏறும். இடைவெளியின்றி, குறுகலாக இருக்கட்டும். ழகரம் வேண்டாம், ரோமன் எழுத்தில் சிதைந்துவிடும் (எனக்கும் வருத்தம்தான்).

வரிசை முழுவதற்கும் ஒரே பெயர், பின்னால் எண்: திறந்த வன்பொருள் அட்டை செய்ய முயன்ற ஓப்பன் கிராஃபிக்ஸ் திட்டத்தின் சோதனை அட்டை ஓஜிடி1 என்றிருந்ததைப் போல. ‘புரோ’, ‘மேக்ஸ்’ வால்கள் இரண்டாவது அட்டையிலேயே வாங்குபவரைக் குழப்பிவிடும்.