பொறியாளர்களுக்கு ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ரிப்போர்ட் எழுதப் பயிற்சி என்றதும் பலர் இலக்கணத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கேயே வகுப்பு சறுக்கிவிடுகிறது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல், ஆனால் யாருக்கும் பயன்படாத அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. தொழில்நுட்ப ஆட்கள் வேலை செய்த வரிசையிலேயே எழுதுவார்கள்: முதலில் பின்னணி, அப்புறம் சோதனை முறை, அப்புறம் பக்கம் பக்கமாக அளவீடுகள், கடைசியில் ஒரு வரியில் ‘பம்பின் பேரிங்கை 2 வாரத்துக்குள் மாற்ற வேண்டும்’. செலவுக்கு ஒப்புதல் தர வேண்டிய மேலாளருக்கு அந்த வரிதான் முதலில் வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூட நோட்டில் பழகிய வரிசை அது, அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை, ஏன் மாற்ற வேண்டும் என்று காட்டுங்கள்.

காட்டுவதற்கு, 2003-இல் பூமிக்குத் திரும்பும்போது உடைந்து சிதறிய நாசாவின் கொலம்பியா விண்வெளி ஓடம் இருக்கிறது. அது விண்ணில் இருந்தபோதே, ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு மோதியதால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பைப் படித்தால் நிம்மதி வரும். அதன் கடைசி வரியிலோ, மோதிய துண்டு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! விபத்தை விசாரித்த குழு இந்த ஸ்லைடைத் தன் அறிக்கையில் தனியாகவே எடுத்துப் பேசியது. வகுப்பில் இதைக் காட்டி, ‘நீங்களாக இருந்தால் தலைப்பு என்ன வைப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது.

அடுத்த தவறு, ‘எளிமையாக எழுதுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வது. துல்லியம் போய்விடுமோ என்று பொறியாளர் பயப்படுவார், அந்தப் பயம் நியாயமானது. துறைச் சொற்கள் அப்படியே இருக்கட்டும், ‘அதிர்வு ஓரளவு அதிகம்’ மாதிரி வரிகளைப் பிடியுங்கள். எவ்வளவு, வரம்பு என்ன, எப்போது அளந்தது என்று கேட்டால் அவரே சரிசெய்துவிடுவார், ஏனென்றால் அது அவருடைய மொழி.

கற்பனை உதாரணங்களும் வேண்டாம். அவர்கள் போன மாதம் எழுதியதையே, பெயர்களை மறைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி சிவப்பு மையால் நீங்களே திருத்தித் தந்தால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு மறந்துவிடுவார்கள். அதைவிட, ‘இதைப் படித்தவர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

ஒரே நாளில் முடித்துவிட்டுக் கிளம்புவதும் வீண்தான், இரண்டு மூன்று மாதம் அவர்களுடைய டிராஃப்டுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக, மேலாளரை வகுப்புக்கு வெளியே விட்டுவிடாதீர்கள். முடிவை முதலில் வைத்து ஒருவர் ஆசையாக எழுதிக் கொடுப்பார், ‘பின்னணி எங்கே?’ என்று அது திரும்பி வரும், அடுத்த வாரமே அவர் பழைய வரிசைக்குப் போய்விடுவார்.